மயிலம்மாளும் இரண்டாவது பாயும்

புக்கிட் செலாசித் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் நின்றது. லுக்குட் பட்டணத்திலிருந்து உள்ளே திரும்பும் செம்மண் சாலையில் புதிதாக வருகிறவர்கள், எண்ணெய்க்காக வளர்க்கும் இளஞ்செம்பனைகளுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த அலுமினியக் கம்பத்தைப் பார்த்து, ஒருவழியாகத் தோட்டத்துக்கும் கைபேசிக் கோபுரம் போட்டுவிட்டார்கள் என்று சந்தோஷப்படுவார்கள். கிட்டே வந்து பார்த்தால் கைபேசியில் ஒரு கோடும் ஏறியிருக்காது. கப்பல்தான் இருக்கும்.

கப்பல் என்றது தோட்டத்து மரியாதை. உண்மையில் அது இரண்டு பேர் படுக்கவும் ஒருவர் சமைக்கவும் இடமுள்ள பாய்மரப் படகு. மயிலம்மாளின் வீட்டுக்காரர் கணேசமூர்த்தி அதைக் கடலோரப் போர்ட்டிக்சனிலிருந்து கொண்டுவந்தார். வருடக்கணக்கில் செம்பனைக் குலை வெட்டி வலது தோள் தேய்ந்துபோன பிறகு, அவர் அங்கே ஒரு படகுப் பட்டறையில் காவல் வேலை பார்த்தார். பட்டறையை மூடும்போது முதலாளி ஒரு மூலையைக் காட்டி, வெள்ளைக்காரன் விட்டுப்போன அந்தப் படகை யாராவது எடுத்துக்கொண்டு போனால் தேவலை என்று பொதுவாகச் சொன்னார். கணேசமூர்த்தி அதைத் தமக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டார்.

மனைவியைக் கேட்காமல் ஓர் ஆட்டுக்குட்டியைக் கொண்டுவருகிறவர்கள் தோட்டத்தில் உண்டு. கணேசமூர்த்தி கடலைத் தாண்டும் படகைக் கொண்டுவந்தார். டிராக்டர் ஓட்டும் வசந்தன் குலை ஏற்றும் டிரெய்லரில் அதை ஏற்றி இழுத்து வந்தான். படகின் அடியில் இரண்டு இரும்புக் கால்கள் இருந்ததால் எங்கே வைத்தாலும் பசுமாடு போல நின்றது. அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீட்டின் பின்புறம் இடம் போதாது என்று கோயில் நிலத்தில் டிரெய்லரோடு நிறுத்தினார்கள்.

"எதுக்குங்க இது?" என்று மயிலம்மாள் கேட்டாள்.

"மாசி மகத்துக்குப் பங்கோர் தீவுக் கோயிலுக்குப் போலாம்னு."

"படகுத்துறை வரைக்கும் பஸ் போகுதே."

"பஸ்ஸுல யாரு வேணா போலாம் மயிலு," என்றார் அவர்.

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. மயிலம்மாள் பொதுவாகவே ஒரு கேள்விக்குமேல் கேட்கிற ஆள் இல்லை. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. பேச்சு அதற்கும் முன்னாலேயே குறைந்திருந்தது. வீட்டுக்கு ஆள் வந்தால் தேநீர் வரும், அதைக் கொண்டுவந்த கை தெரியும், முகம் தெரிவதற்குள் அடுக்களைக்குள் போயிருக்கும். கல்யாண வீடுகளில் யாரும் சொல்லாமலே பின்பக்கம் போய்ப் பாத்திரம் கழுவ உட்கார்ந்துவிடுவாள். குடும்பப் படங்களில் எப்போதும் யாரோ ஒருவரின் தோளுக்குப் பின்னால் பாதி நெற்றியாக இருப்பாள். அவள் வேலை பார்க்கும் செனாவாங் தொழிற்சாலையில் அவளுக்குப் பிடித்தது முகமூடி. தலைக்கு உறை, வாய்க்கு மூடி, கண் மட்டும் வெளியே. எட்டு மணி நேரம் யாரும் தன்னைப் பார்க்காமல் தான் மட்டும் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்பதற்காகவே அவள் அந்த வேலையை விடவில்லை.

படகைக் கழுவத்தான் அவள் முதலில் ஏணி வைத்து ஏறினாள். உள்ளே ஓர் அறை. ஒரு பலகை, இன்னொரு பலகை. படகு எப்படிச் சாய்ந்தாலும் தான் சாயாமல் ஆடி நிற்கிற ஓர் அடுப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கதவு, இழுத்தால் மூடிக்கொண்டது. லயத்து வீட்டில் கதவுகள் உண்டு. ஆனால் அவை மூடியிருந்தால் ஏன் மூடியிருக்கிறது என்று கேட்க ஆள் வரும். இங்கே அவள் மூடிவிட்டு உட்கார்ந்தாள். யாரும் வரவில்லை. மறுநாளும் கழுவப் போனாள். கழுவிய படகையே திரும்பத் திரும்பக் கழுவினாள். கடலுக்கு நடுவே இந்த அறை மிதந்தால், சுற்றிலும் கண்ணுக்கெட்டிய மட்டும் ஒரு முகம்கூட இருக்காது என்று ஒருநாள் அவளுக்குத் தோன்றியது. அன்றிலிருந்து அவளுக்குப் போக வேண்டும் என்றிருந்தது. சாமான்யமாக அல்ல, சோற்றில் கை வைக்கும்போதுகூட அதே நினைப்பு.

இதை வீட்டுக்காரரிடம் சொல்ல வாய் வரவில்லை. ஆனால் அவரே ஒருநாள் தெரியாமல் வழியைக் காட்டிவிட்டார்.

பட்டறையில் படகின் பழைய பாய்மரம் முறிந்து போயிருந்ததால், உடைத்துப் போட்ட இன்னொரு படகின் மரத்தைக் கொண்டுவந்து நட்டிருந்தார். இனிப் பாய் கட்ட வேண்டும். மரத்துக்குப் பின்னால் ஒரு பெரிய பாய் எப்படியும் உண்டு, அது இருந்தது. கேள்வி மரத்துக்கு முன்னால் வருவதைப் பற்றி. படகின் மூக்கிலிருந்து மரத்தின் உச்சிக்கு ஒரே கம்பி இழுத்து, அதில் ஒரே பெரிய பாய் கட்டினால் அதற்கு ஸ்லூப் என்று பெயர். அந்தப் பாயைச் சிறிதாக்கி, அதற்கும் மரத்துக்கும் நடுவில் இன்னொரு கம்பி இழுத்து இன்னொரு சின்னப் பாய் கட்டினால் கட்டர். இரண்டாவது கம்பிக்குப் படகின் தளத்தில் ஓட்டை போட வேண்டும். ஒருமுறை போட்டால் போட்டதுதான்.

"ஒத்தப் பாயின்னா லேசா திருப்பலாம், கயிறும் கம்மி," என்று கணேசமூர்த்தி சாப்பிட்டுக்கொண்டே தமக்குத் தாமே பேசினார். "ஆனா பெருசு. காத்தடிச்சா அத இழுக்க மாடு மாதிரி ஆளு வேணும். என் தோளுக்கு ஆகாது. புவனேஸ்வரனத்தான் கூட்டிட்டுப் போகணும். ரெட்டைப் பாயின்னா கயிறு ஜாஸ்தி, திருப்பறப்போ வெளிப் பாய் நடுக் கம்பியில மாட்டும். ஆனா ஒவ்வொண்ணும் சின்னது. நீ கூட இழுக்கலாம்."

சொல்லிவிட்டு ரசம் கேட்டார். அவர் சொன்னது அவருக்கே நினைவில்லை. மயிலம்மாள் கரண்டியோடு அப்படியே நின்றாள். ஒற்றைப் பாய் என்றால் புவனேஸ்வரன் போவான். இரட்டைப் பாய் என்றால் அவள் போகலாம்.

புவனேஸ்வரன் பக்கத்து வீட்டு லோரி ஓட்டுநர். அரிசி மூட்டையைக் குழந்தை போலத் தூக்குவான். தூக்கியதைப் பற்றி ஒரு வாரம் பேசுவான். அவன் தினமும் வாசலில் வந்து உட்கார்ந்து ஒற்றைப் பாய்க்கு வக்காலத்து வாங்கினான்.

"ரெண்டு பாய் எதுக்கு அண்ணே? பாய் ஜாஸ்தின்னா கயிறு ஜாஸ்தி. கயிறு ஜாஸ்தின்னா முடிச்சு ஜாஸ்தி. முடிச்சு ஜாஸ்தின்னா..."

"ஜாஸ்தின்னா?"

"அவுக்கணும்ல லா."

மயிலம்மாள் தன்னால் முடிந்த பிரசாரத்தைச் செய்தாள். கணேசமூர்த்தி உட்காரும் இடத்துக்கு எதிரே, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கொடி கட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டை முக்கோணமாக மடித்துக் காயப்போட்டாள். காற்றில் இரண்டும் அழகாக உப்பி ஆடின. கணேசமூர்த்தி எழுந்து வந்தார், உற்றுப் பார்த்தார், ஒரு துண்டை உருவிக்கொண்டு குளிக்கப் போனார்.

இந்த நிலையில்தான் விஷயம் கோயில் கமிட்டிக்குப் போனது.

கமிட்டித் தலைவர் தர்மேந்திரன் உபயத்தில் பெரிய ஆள். கோயிலில் எதைத் தொட்டாலும் 'உபயம்: தர்மேந்திரன் குடும்பத்தினர்' என்று சிவப்பு எழுத்து கையில் ஒட்டும். குழல்விளக்கில் இருந்தது, வாளியில் இருந்தது, துடைப்பக் கட்டையில் இருந்தது. மின்விசிறியின் ஒவ்வோர் இறக்கையிலும் இருந்தது. சுற்றினால் படிக்க முடியாது என்பதால் அதைப் போட அவர் சம்மதிப்பதில்லை. கப்பலுக்கு முன்பாய் இல்லை என்று கேள்விப்பட்டதும், கூட்டத்தைக் கணேசமூர்த்தி வீட்டிலேயே கூட்டினார்.

"கப்பல் அம்மன் எடத்துல நிக்குது," என்று ஆரம்பித்தார்.

"கப்பல் என்னோடதுங்க தலைவரே."

"ஒன்னோடதுதான் லா, யாரு இல்லேன்னா? ஆனா நிக்கிறது அம்மன் எடம். முன்னால வர்ற பாய நான் போடுறேன். உபயமா."

பாய் கிடைத்தால் போதும் என்றிருந்த கணேசமூர்த்தி கையெடுத்துக் கும்பிட்டார். அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் நீலாவதி வந்திருந்தாள். லுக்குட்டில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் அவளுக்கும் தர்மேந்திரனுக்கும், திருவிழாவின் முதல் நாள் உபயம் யாருக்கு என்பதில் நெடுநாள் பகை.

"முன்னால ரெண்டு பாய் போடலாமாமே?" என்றாள் நீலாவதி. "ஒண்ண அண்ணன் போடட்டும். இன்னொண்ண நான் போடுறேன்."

"ஒரு பாய்தான்," என்றார் தர்மேந்திரன் சட்டென்று. "ஸ்லூப்பு."

"ஸ்லூப்புன்னா என்னான்னு தெரியுமா உங்களுக்கு?"

"ஏன் தெரியாது? ஸ்லூப்புன்னா ஒரு உபயம். கட்டர்ன்னா ரெண்டு உபயம். அவ்ளோதான லா?"

அன்று மாலைக்குள் தோட்டம் இரண்டானது. கடலில் கால் நனைக்காதவர்களெல்லாம் ஒற்றைப்பாய்க் கட்சி, இரட்டைப்பாய்க் கட்சி என்று பிரிந்தார்கள். ஒரே மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய்வந்த அண்ணன் தம்பிகள் தனித்தனியாகப் போனார்கள். அதற்குள் இரட்டைப்பாய்க் கட்சிக்குள்ளேயே இன்னொரு சண்டை முளைத்தது: இரண்டில் எது பெரிய மரியாதை?

"வெளிப் பாய்தான் கோபுரம் மாதிரி. மொதல்ல கண்ணுக்குத் தெரியும்," என்றது ஒரு குரல்.

"அப்போ உள் பாய் கருவறை," என்றாள் நீலாவதி. "மரத்துக்குப் பக்கத்துல இருக்குல்ல? எனக்குக் கருவறையே போதும்."

இதைக் கேட்ட தர்மேந்திரனுக்கு அன்று தூக்கம் வந்திருக்காது. மறுநாள் காலையில் அவர் வந்து, ஒருவேளை, தற்செயலாக, பேச்சுக்கு இரண்டு பாய் என்று வைத்துக்கொண்டாலும் உள் பாய் தமக்குத்தான் என்று எச்சரித்துவிட்டுப் போனார்.

அடுக்களையில் தேநீர் ஆற்றிக்கொண்டு மயிலம்மாள் எல்லாவற்றையும் கேட்டாள். கோபுரமோ கருவறையோ, இரண்டு பாய் வந்தால் போதும் என்று அவள் அம்மனிடம் வேண்டிக்கொண்டாள். ஒற்றைப் பாய்க்காரர்களுக்குத் தேநீரில் சர்க்கரையைக் கொஞ்சம் குறைத்தாள்.

கடைசியில் பூக் கேட்பது என்று முடிவானது. பூசாரிக்கு விருப்பமில்லை.

"கல்யாணம் கேக்கலாம், வீடு கேக்கலாம். கயிறு எங்க கட்டறதுன்னெல்லாம் ஆத்தாகிட்ட கேக்கக் கூடாது லா."

ஆனாலும் கேட்டார். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். உடுக்கை அடிக்க, மணி அடிக்க, கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தார். சிவப்பு அரளி.

இரண்டு கட்சிகளும் ஒரே நேரத்தில் குலவையிட்டன.

உபய எழுத்து சிவப்பு என்பதால் சிவப்பு தங்களுடையது என்று ஒற்றைப்பாய்க் கட்சி இருந்தது. அரளியைப் பறித்துக்கொண்டு வந்ததே நீலாவதி என்பதால் சிவப்பு தங்களுடையது என்று இரட்டைப்பாய்க் கட்சி இருந்தது. எந்தப் பூவுக்கு எந்தப் பாய் என்று யாரும் முன்கூட்டி வாய்விட்டுச் சொல்லியிருக்கவில்லை. எல்லோரும் பூசாரியைப் பிடித்துக்கொண்டார்கள்.

"நீங்க என்னா நெனச்சுக் கேட்டீங்க?"

"நான் ஒண்ணும் நெனைக்கலையே. நீங்க நெனச்சிருப்பீங்கன்னு எடுத்தேன்," என்றார் பூசாரி.

தூணுக்குப் பின்னால் நின்ற மயிலம்மாள் அம்மனை எட்டிப் பார்த்தாள். அம்மனும் கைவிட்டாள் என்றால் இனி யார் சொல்வது?

"வெள்ளோட்டம் விட்டுப் பாத்துடுவோம்," என்றான் டிராக்டர் வசந்தன். தேர் செய்தால் ஊரைச் சுற்றி ஒருமுறை இழுத்துப் பார்ப்பதில்லையா, அப்படி. கோயிலிலிருந்து லயங்களைத் தாண்டிப் பந்து விளையாடும் திடல் வரை சாலை சற்றே சரிந்து இறங்குகிறது. டிரெய்லரில் நிற்கிற படகை அப்படியே இழுத்துக்கொண்டு போகலாம். ஒரு தடவை ஒற்றைப் பாய், ஒரு தடவை இரட்டைப் பாய். எது நன்றாக இருக்கிறதோ அது.

தரையில் படகை ஓட்டிக் கடலுக்குப் பாய் தேர்ந்தெடுக்கலாம் என்பதில் யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை. கணேசமூர்த்திக்குக்கூட. அவர் இரண்டாவது கம்பியைத் தளத்தின் ஒரு வளையத்தில் தற்காலிகமாகக் கட்டினார். தர்மேந்திரனின் பெரிய பாயும் நீலாவதியின் சின்னப் பாயும் வந்து சேர்ந்தன. சின்னப் பாயில் 'உபயம்: நீலாவதி உணவகம்' என்றும், கீழே, நாசி லெமாக் கிடைக்கும் என்றும் எழுதியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூஜை முடிந்ததும் கூடினார்கள். தோட்டத்தை விட்டுச் செண்டாயானுக்குக் குடிபோனவர்கள்கூடக் குடையோடு வந்திருந்தார்கள். பின் பாயைக் கட்டியே வைத்துவிட்டு, முதலில் ஒற்றைப் பாய். வசந்தன் மெதுவாக இழுத்தான். காற்றே இல்லை. பாய் மழையில் நனைந்த புடவை போல மடிந்து தொங்கியது. படகு திடலுக்குப் போய்த் திரும்பி வந்தது.

"எப்படி?" என்றார் தர்மேந்திரன்.

"அசையவே இல்லையே," என்றாள் நீலாவதி.

"அசையாட்டிதான் பேர் படிக்க முடியுது."

அடுத்து இரட்டைப் பாய். கட்டர் என்றால் வெளிப் பாய் சின்னதாக இருக்க வேண்டும் என்று கணேசமூர்த்தி தர்மேந்திரனின் பாயில் பாதியைச் சுருட்டினார். அதனால் ஒரு பக்கமிருந்து பார்த்தால் 'தர்மேந்' என்றும், மறுபக்கமிருந்து பார்த்தால் 'குடும்பத்தினர்' என்றும் மட்டும் தெரிந்தது. தலைவர் இரண்டு பக்கமும் மாறி மாறி ஓடிப் பார்த்தார்.

படகில் மூன்று பேர் ஏறினார்கள். சுக்கானைப் பிடிக்கக் கணேசமூர்த்தி. கயிறுகளைப் பிடிக்கப் புவனேஸ்வரன். மூக்கில் நின்று ஆரத்தித் தட்டை ஏந்த ஒரு சுமங்கலி வேண்டும் என்று பூசாரி சொன்னதால், படகுக்காரர் சம்சாரம் மயிலம்மாள். அவள் ஏணியில் ஏறும்போது தோட்டமே அண்ணாந்து பார்த்தது. தட்டை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது நீலாவதி ஓர் ஆட்சேபம் சொன்னாள்.

"கடல்ல டிராக்டர் இருக்கா? அதான் மொதத் தடவை ஒண்ணும் தெரியல. அவுத்து விடுங்க. காத்து வந்தா தானா அசையும்."

இது நியாயமாகப் பட்டது. புகைப்படத்தில் டிராக்டர் விழாது என்று தர்மேந்திரனும் சம்மதித்தார். வசந்தன் ஆணியை உருவி டிராக்டரை ஓரமாகக் கொண்டுபோனான். டிரெய்லரின் இழுகம்பி தரையில் கிடப்பது அழகாக இல்லை என்று அதைத் தூக்கிப் படகின் மூக்கோடு கட்டி மாலை போட்டார்கள். சக்கரங்களுக்கு முன்னால் கருங்கல் அண்டைகொடுத்திருந்ததால் படகு அசையாமல் நின்றது.

பூசாரி எலுமிச்சம்பழங்களோடு வந்தார். புது மோட்டாரோ லோரியோ, எதுவானாலும் சக்கரத்துக்கு ஒரு பழம் வைத்து நசுக்கித்தான் புறப்பட வேண்டும். குனிந்து பார்த்தார். பழம் வைக்க வேண்டிய இடத்தில் கல் இருந்தது. பூசாரி ஒவ்வொரு சக்கரமாகப் போய், கல்லைத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் பக்தியோடு பழத்தை வைத்தார்.

மேற்கே, கடல் பக்கம், வானம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது. சுமத்ரா பக்கமிருந்து காற்று வருவதன் அடையாளம் அது. முதலில் செம்பனை மட்டைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. பிறகு குடைகள் திரும்பின. பிறகு இரண்டு பாய்களும் ஒரே சத்தத்தோடு உப்பி நின்றன.

பழங்கள் நசுங்கின.

"ஓம் சக்தி!" என்று கூட்டம் முழங்கியது. படகு நகர்வதைப் பார்த்து எல்லோரும் கைதட்டினார்கள். அது நிற்காமல் நகர்வதைப் பார்த்துக் கைதட்டல் குறைந்தது. முன்னால் நின்றவர்கள் பக்கவாட்டில் பாய்ந்தார்கள். மேளக்காரர் மட்டும் அடித்துக்கொண்டே பின்னால் ஓடினார்.

"அண்ணே, போகுது அண்ணே!" என்று கத்தினான் புவனேஸ்வரன்.

"தெரியுது லா! கயித்தப் புடி!" கணேசமூர்த்தி சுக்கானை இறுகப் பற்றி இடம் திருப்பினார், வலம் திருப்பினார். சுக்கான் காற்றில் ஆடியது. சக்கரங்களோ குலை லோரிகள் போட்ட தடத்தில் தம்பாட்டுக்கு உருண்டன. தாம்தான் ஓட்டுகிறோம் என்பதில் அவருக்கு எந்த ஐயமும் இல்லை.

புவனேஸ்வரன் கீழே பார்த்தான். பிறகு பெரிய பாயின் கயிற்றை மயிலம்மாளிடம் நீட்டினான்.

"அக்கா, இதக் கொஞ்சம் புடிங்க."

யார் எதைப் பிடிக்கச் சொன்னாலும் பிடித்தே பழகியவள். தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கயிற்றை வாங்கினாள். அவன் குதித்துவிட்டான்.

அவளும் குதித்திருக்கலாம். ஆனால் புடவை கட்டியிருந்தாள். கீழே தோட்டமே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. இத்தனை பேர் பார்க்கப் புடவையோடு குதிப்பதா என்று நினைத்தாள். அதைவிடப் படகோடு போய்விடுவது மானமாகப் பட்டது.

பெரிய பாய் அவளைத் தரதரவென்று இழுத்தது. பாதி சுருட்டியும் அப்படி. உள்ளங்கை எரிந்தது. விட்டாள். பாய் இடி போலப் படபடத்தது. 'தர்மேந்' 'தர்மேந்' என்று வானத்தில் அடித்துக்கொண்டது.

"சின்னதப் புடி மயிலு! சின்னது!"

சின்னப் பாயின் கயிற்றை அவள் எடுத்தாள். அதுவும் இழுத்தது. ஆனால் மேய்ச்சலுக்குப் போகும் ஆட்டைப் போல, அவள் தாங்கக்கூடிய அளவுக்கு இழுத்தது. கொஞ்சம் விட்டால் கொஞ்சம் விட்டது, இழுத்தால் வந்தது. கிணற்றில் இறைத்த கை, வாளி தூக்கிய கை. அந்தக் கைக்கு இந்தக் கனம் பழக்கமானதாக இருந்தது. படகின் வேகம் நிதானப்பட்டது.

லயங்களைத் தாண்டிப் போனார்கள். தன் வீட்டுக் கூரையை மயிலம்மாள் முதன்முறையாக மேலிருந்து பார்த்தாள். ஒற்றைச் செருப்பு ஒன்று, ஒரு பந்து, அவள் எங்கெங்கோ தேடிய இட்டிலித் தட்டு. இருபுறமும் முகங்கள். எல்லா வாயும் திறந்திருந்தன. வெட்கப்பட வேண்டும் என்று நினைப்பு வந்தது. கயிறு இழுத்ததால் அந்த நினைப்பு போய்விட்டது.

படகு திடலுக்குள் இறங்கி, ஈர மண்ணில் சக்கரங்கள் புதைய, கோல் கம்பங்களுக்கு நடுவே மூக்கை நுழைத்து வலையில் மாட்டி நின்றது.

"கோல்!" என்று தூரத்தில் யாரோ கத்தினார்கள். அதோடு மழை கொட்டியது. கூட்டம் கோயில் கொட்டகைக்குத் திரும்பி ஓடியது.

கணேசமூர்த்தி இன்னும் சுக்கானை விடவில்லை. மழை அவர் மூக்கிலிருந்து சொட்டியது. "நல்லா ஓட்டுனேன்ல?" என்றார். பிறகு, "ஆனா பாத்தியா? காத்து வந்துச்சுன்னா இப்படித்தான். இதுக்குத்தான் புவனேஸ்வரன் மாதிரி ஆளு வேணும்னேன்."

மயிலம்மாள் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே கேட்டாள். "அந்த ஆளு எங்கங்க?"

"குதிச்சிட்டான்."

"நான் குதிச்சனா?"

அவர் சுக்கானை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். இது இரண்டாவது கேள்வி என்பது அவருக்கு உறைத்தது.

"ரெண்டாவது கம்பிக்கு ஓட்டை போடுங்க," என்றாள். சத்தம் மழைக்கு மேலே கேட்க வேண்டும் என்பதால் கத்தித்தான் சொன்னாள். "ஒத்தப் பாய் எனக்கு முடியாது. ரெண்டுன்னா நான் இழுப்பேன். நான்தான் பங்கோர் வருவேன். புவனேஸ்வரன் வரக் கூடாது."

"நீயா? சாயங்காலம் மீன்காரன் வந்தாலே ஒளிஞ்சுக்குவ."

"கடல்ல எந்த மீன்காரன் வர்றான்?"

யோசித்துப் பார்த்தால் கடலில்தான் மீன்காரன் இருப்பான் என்று கணேசமூர்த்திக்குத் தோன்றியது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லாமல் விட்டார்.

கொட்டகையில் அன்றே கூட்டம் நடந்தது. தம் பாயை அந்தம்மா வேண்டுமென்றே விட்டுவிட்டது என்றார் தர்மேந்திரன். ஊரே விட்டாலும் கருவறை நின்றது என்றாள் நீலாவதி. படகின் கனம் குறையட்டும் என்றுதான் குதித்ததாகப் புவனேஸ்வரன் கணுக்காலுக்கு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு விளக்கினான். எலுமிச்சம்பழங்கள் நல்லபடியாக நசுங்கியதில் பூசாரிக்குத் திருப்தி. ஒற்றையா இரட்டையா என்பதை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள்.

மறுநாள் வசந்தன் படகை இழுத்து வந்து பழைய இடத்தில் நிறுத்தினான். செய்தி எப்படிப் பரவியதோ, கணேசமூர்த்தி துளைபோடும் மெஷினோடு மேலே ஏறுவதற்குள் கமிட்டி முழுக்க வந்து சுற்றிலும் நின்றுவிட்டது.

"யாரக் கேட்டு ஓட்டை போடுற?" என்றார் தர்மேந்திரன் கீழேயிருந்து. "தீர்மானம் இன்னும் ஆகல லா."

கணேசமூர்த்தி தயங்கினார். மெஷினைப் பிடித்த கை தாழ்ந்தது. மயிலம்மாள் படகின் அறைக்குள்தான் இருந்தாள். இழுத்துச் சாத்திக்கொள்ளக் கதவு இருந்தது. அவள் அதைத் திறந்துகொண்டு மேலே வந்தாள். முந்தானையை இடுப்பில் செருகினாள். சுற்றி நின்ற முகங்களை வரிசையாக ஒருமுறை பார்த்தாள்.

"நான்தான் போடச் சொன்னேன் அண்ணே."

மயிலம்மாளின் குரல் இப்படித்தான் இருக்குமா என்று தர்மேந்திரன் பக்கத்திலிருந்தவரைக் கேட்டார். அவருக்கும் தெரியவில்லை.

கணேசமூர்த்தி முட்டி போட்டு உட்கார்ந்து, தளத்தில் மெஷினின் முனையை வைத்தார். "இங்கயா?"

மயிலம்மாள் மரத்தில் முதுகைச் சாய்த்து, இல்லாத ஒரு கம்பியைப் பிடிப்பது போலக் கையை முன்னால் நீட்டிப் பார்த்தாள்.

"இன்னுங் கொஞ்சம் பின்னால தள்ளுங்க," என்றாள். "எனக்குக் கை எட்டணும்ல."